36 பெட்டி, 33 ரன்

தோற்பதில் இரண்டு தினுசு உண்டு. முதல் தினுசு, டீமே இல்லாமல் தோற்பது. இதில் உலக சாம்பியன் அமெரிக்காவின் கம்பர்லாண்ட் காலேஜ். 1916இல் அங்கே ஃபுட்பாலையே மூட்டை கட்டிவிட்டார்கள். ஆனால் ஜார்ஜியா டெக்கோடு மேட்ச் ஆடுகிறோம் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. வராவிட்டால் 3000 டாலர் தண்டம். அகப்பட்ட பையன்களைப் பிடித்து ரயிலேற்றி அட்லாண்டாவுக்கு அனுப்பினார்கள். அக்டோபர் 7ஆம் தேதி சாயங்காலம் ஸ்கோர் 222-0. அச்சுப்பிழை இல்லை ஐயா, இருநூற்று இருபத்திரண்டு. காலேஜுக்கு 3000 டாலர் மிச்சம்.

இடைவேளையில் ஸ்கோர் 126-0. அப்போதும் ஜார்ஜியா டெக் கோச் ஜான் ஹைஸ்மன் தன் பையன்களைக் கூப்பிட்டு, அசந்துவிடாதீர்கள், அவர்கள் கைவசம் என்ன வைத்திருக்கிறார்களோ என்று எச்சரித்தாராம். பாவம், அவர்கள் கைவசம் இருந்தது திரும்பிப்போக ரயில் டிக்கெட் மட்டும்தான்.

இரண்டாவது தினுசு கொஞ்சம் கஷ்டம். அருமையான டீமைக் கையில் வைத்துக்கொண்டு தோற்பது. இதற்குத் தனித் திறமை வேண்டும், பணம் வேண்டும், வைஸ்ராயின் சிநேகம் வேண்டும். மூன்றும் ஒருங்கே அமைந்த ஒருவர் நம்மிடம் இருந்தார். 1936இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய கிரிக்கெட் அணியின் கேப்டன். விஜயநகரத்து மகாராஜ்குமார். செல்லப்பெயர் விஸ்ஸி.

அவர் கையில் இருந்த ஆட்களைப் பாருங்கள். விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி, சி.கே. நாயுடு, லாலா அமர்நாத், வேகப்பந்துக்கு முகமது நிஸார், அமர் சிங். இன்றைக்கு ஏலத்தில் விட்டால் ஐபிஎல் முதலாளிகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இந்த அணி அந்தக் கோடையில் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 28. தோற்றது 12. ஜெயித்தது 4. மீதி 12 ஆட்டங்கள் டிரா ஆனதில் இங்கிலாந்து மழையின் பங்கு எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை.

ஹம்பி விஜயநகரம் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயரை இழுக்காதீர்கள். இது விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஜமீன். நம் கடலூரும் அதுவும் அன்றைக்கு ஒரே சென்னை மாகாணம். ஆக விஸ்ஸி நம்மவர்தான், தெலுங்குக்காரர் என்று தள்ளிவிட்டுத் தப்பிக்க முடியாது. 1905இல் பிறந்த இளைய பிள்ளை. ஆகவே அண்ணன் பட்டத்துக்கு வந்தார், தம்பி காசிக்குப் போனார். அங்கே குடும்பத்துக்குச் சொத்து இருந்தது. விஸ்ஸி கங்கையில் முழுக்குப் போட்டுப் பாவம் தொலைத்தாரோ என்னவோ, அரண்மனை வளாகத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம் போட்டார்.

மனுஷனுக்கு கிரிக்கெட் மேல் அப்படி ஒரு காதல். இதில் கிண்டல் இல்லை, நிஜமான காதல். ஒருதலைக் காதல் என்பதுதான் சங்கடம். 1930இல் உப்புச் சத்தியாகிரகக் கலவரத்தில் இங்கிலாந்தின் எம்.சி.சி. தன் இந்தியப் பயணத்தை ரத்து செய்தது. கிரிக்கெட்டாவது மண்ணாங்கட்டியாவது என்று நாடே வேறு வேலையில் இருந்தது. விஸ்ஸி அசரவில்லை. எம்.சி.சி. வராவிட்டால் போகிறது, நானே ஒரு டீம் கட்டுகிறேன் என்று கிளம்பினார். யாரைக் கூட்டிவந்தார் தெரியுமா? ஜாக் ஹாப்ஸையும் ஹெர்பர்ட் சட்கிளிஃபையும். அந்தக் காலத்தின் உலக நம்பர் ஒன் ஓபனிங் ஜோடி! இந்தியாவிலும் இலங்கையிலும் ஊர் ஊராக ஆடினார்கள். கேப்டன் யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

அந்த ஆட்டங்களை முதல்தரக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. ஹாப்ஸின் வாழ்நாள் சதங்கள் 197 என்று ஒரு கோஷ்டி, 199 என்று இன்னொரு கோஷ்டி. நடுவில் இருக்கிற இரண்டு சதம் விஸ்ஸி டீமுக்காக அடித்தது. உலகத்தின் மிகப்பெரிய சதக்காரர் கணக்கையே குழப்பிவிட்ட ஒரே ஜமீன்தார் நம்மவர்தான்.

சரி, ஏன் ஒரு ராஜ வம்சத்தார்தான் கேப்டனாக வேண்டும்? அதற்கு ஒரு தர்க்கம் வைத்திருந்தார்கள். பார்சி, இந்து, முஸ்லிம் என்று பிரிந்து ஆடுகிற நாட்டில், எல்லாரும் யாருக்குத் தலைவணங்குவார்கள்? மகாராஜாவுக்குத்தான். தவிர, கப்பல் செலவுக்குக் கையெழுத்துப் போடவும் ஒருவர் வேண்டுமே. 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியிலேயே இந்த வழக்கம் வந்துவிட்டது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்கு அப்போது வயது 19. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு வருஷம், லண்டன் முழுக்க விருந்து. கேப்டன் பெரும்பாலான ஆட்டங்களுக்கு வரவில்லை. டீம் 15 ஆட்டங்களில் தோற்றது. அதில் பல்வங்கர் பாலு என்ற சுழல்பந்துக்காரர் மட்டும் 114 விக்கெட் எடுத்தார். ஊரில் தீண்டாமையின் பேரால் டீ இடைவேளையில் தனிக் குவளை கொடுத்து வெளியே உட்கார வைக்கப்பட்டவர் அவர். கூட வந்தவர்கள் சாப்பிட்ட விருந்துகளுக்கெல்லாம் சேர்த்து அவர்தான் உழைத்தார்.

1932இல் முதல் டெஸ்ட் ஆடப் போன அணிக்கு போர்பந்தர் மகாராஜா கேப்டன். அவர் எடுத்த ரன்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம், அவர் வீட்டு ரோல்ஸ் ராய்ஸ் கார்களை எண்ண முடியாது என்று அப்போதே கேலி செய்தார்கள். ஆனால் அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. டெஸ்ட் என்று வந்ததும் ஒதுங்கிக்கொண்டு, ஆடத் தெரிந்த சி.கே. நாயுடுவிடம் தலைமையைக் கொடுத்துவிட்டார். நமக்கு வராது என்று தெரிந்த மகாராஜா! அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய ஆள்.

அந்த 1932 அணியில் விஸ்ஸிக்கும் ஒரு பதவி கொடுத்தார்கள். கேப்டன் இல்லை, வைஸ் கேப்டனும் இல்லை. துணை வைஸ் கேப்டன்! தாலுகா ஆபீஸில்கூட இப்படி ஒரு போஸ்ட் கிடையாது. விஸ்ஸி உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அடுத்த முறை விடக்கூடாது என்று வேலையில் இறங்கினார். வேலை என்றால் நெட் பிராக்டிஸ் என்று எண்ண வேண்டாம். வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவைக் குளிர வைக்கிற வேலை. டெல்லி மைதானத்தில் அவர் பேரில் ஒரு பெவிலியன் கட்டிக்கொடுத்தார். தேசியப் போட்டிக்குக் கோப்பை தருகிறேன் என்று பாட்டியாலா மகாராஜா ரஞ்சி பேரில் ஒன்றை நீட்டியபோது, இவர் வில்லிங்டன் பேரில் இன்னொன்றை நீட்டினார். கோப்பைச் சண்டையில் பாட்டியாலா ஜெயித்தார், அதனால்தான் இன்றைக்கு ரஞ்சி டிராஃபி. கேப்டன் நாற்காலிச் சண்டையில் விஸ்ஸி ஜெயித்தார், அதனால்தான் இந்தக் கட்டுரை.

இதெல்லாம் எப்படி நடக்கும் என்று ஆச்சரியப்படுகிறவர்கள் கடலூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டு விழா கிரிக்கெட்டைப் பார்க்க வேண்டும். ஜெனரல் மேனேஜர் ஓபனிங் இறங்குவார். பந்து போடுவது நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்படியே வந்த காரைக்காட்டுப் பையன், டென்னிஸ் பாலிலேயே ஸ்டம்பை முறிக்கிறவன். சூப்பர்வைசர் ஓடிவந்து காதைக் கடிப்பார்: “தம்பி, சார் நிக்கிறாரு, பாத்துப் போடு. உன் பர்மனென்ட் ஃபைல் அவரு டேபிள்லதான் கெடக்கு.” தம்பி பாத்துப் போடுவான். சார் ஒரு ஃபோர் அடிப்பார். ஷாமியானாவில் கைதட்டல் அள்ளும். அடுத்த பந்தில் ஸ்டம்பு பறந்தாலும் நோ-பால் என்று கை நீட்டுவார் அம்பயர், அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். அன்று ராத்திரி சார் வீட்டில் தன் கவர் டிரைவைப் பற்றிச் சொல்லும்போது பொய் சொல்லமாட்டார், மனதார நம்பித்தான் சொல்வார். விஸ்ஸி அந்த ஜி.எம். சார்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. இவர் அந்த நம்பிக்கையோடு லார்ட்ஸ் வரைக்கும் போய்விட்டார்.

போகும்போது தனக்கென்று 36 பெட்டி எடுத்துப் போனார் என்கிறார்கள். கூட இரண்டு பணியாட்கள். கிரிக்கெட் ஆடப் போகிறவருக்கு 36 பெட்டியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். சில பெட்டிகளில் தங்க வாட்ச் இருந்திருக்க வேண்டும். ஏன் என்றால் அந்தக் கோடை முழுக்க அவர் கதைகளில் தங்க வாட்ச் வந்துகொண்டே இருக்கிறது.

ஒரு கவுண்டி அணியின் கேப்டனுக்கு ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தங்க வாட்ச் பரிசாகப் போனதாம். வாங்கியவர் விசுவாசத்தோடு விஸ்ஸிக்கு ஒரு ஃபுல் டாஸும் இரண்டொரு லாங் ஹாப்பும் போட்டாராம். ஆனால் நாள் முழுக்க அப்படியே போட்டுக்கொண்டிருக்க முடியுமா, இது இங்கிலாந்து ஆயிற்றே என்று பிற்பாடு அலுத்துக்கொண்டாராம். வாட்ச்தான் நாள் முழுக்க ஓடும் சார், பௌலரின் விசுவாசத்துக்கு அவ்வளவு சாவி கொடுக்க முடியாது.

இனி அமர்நாத் கதை. இது சிரிப்பு கொஞ்சம் கசக்கிற இடம். லாலா அமர்நாத்துக்கு அப்போது வயது 24. 1933 டிசம்பரில் பம்பாயில் இந்தியாவின் முதல் டெஸ்ட் சதம் அடித்தவர். இந்தப் பயணத்தில் எஸ்ஸெக்ஸுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சதம். ஜூன் பாதியில் அவர் கணக்கில் 613 ரன், 32 விக்கெட். அதாவது டீமின் பாதி வேலையை இந்த ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

லார்ட்ஸில் மைனர் கவுண்டீஸ் அணியோடு ஆட்டம். அமர்நாத் பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு விக்கெட் விழுகிறது. எழுந்திருக்கிறார். நீ இரு, அவர் போகட்டும் என்கிறார் கேப்டன். இன்னொரு விக்கெட். மறுபடியும் எழுந்திருக்கிறார். நீ இரு. கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பி எழுப்பி விட்டால் யாருக்குத்தான் வராது கோபம்? முதுகு வலி வேறு. கடைசியில் நாள் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார்கள். ஆடிவிட்டுத் திரும்பிய அமர்நாத் டிரஸ்ஸிங் ரூமில் பேடையும் கிளவுஸையும் விட்டெறிந்து பஞ்சாபியில் ஏதோ முணுமுணுத்தார். கேப்டனுக்குப் பஞ்சாபி தெரியுமோ தெரியாதோ, முணுமுணுப்பு மட்டும் எந்த பாஷையில் இருந்தாலும் மேலதிகாரிகளுக்குப் புரிந்துவிடும்.

டீம் மேனேஜர் ஒரு மேஜர் பிரிட்டன்-ஜோன்ஸ். பெயரிலேயே பிரிட்டன் இருக்கிறது, வேறு என்ன சொல்ல. கேப்டனும் மேனேஜரும் கூடிப் பேசினார்கள். முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே அமர்நாத் கைஸர்-ஐ-ஹிந்த் கப்பலில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். டீமின் சிறந்த ஆட்டக்காரரைப் பாதிப் பயணத்தில் திருப்பி அனுப்பிவிட்டு டெஸ்ட் ஆடப் போன கேப்டன் வேறு யாராவது உண்டா என்று தேடிப் பாருங்கள். அமர்நாத்துக்கு அடுத்த டெஸ்ட் கிடைத்தது 1946இல். நடுவில் ஒரு உலக யுத்தம் முடிந்துவிட்டது.

லார்ட்ஸ் டெஸ்டில் வேடிக்கை என்ன தெரியுமா, முதல் இன்னிங்ஸில் இந்தியாதான் முன்னிலை! நாம் 147. அமர் சிங் 35 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 134இல் சுருட்டினார். டிரஸ்ஸிங் ரூமில் ஒரு சந்தோஷக் களை தட்டியிருக்கும். அதைப் போக்க இரண்டாவது இன்னிங்ஸில் 93க்கு ஆல் அவுட் ஆனார்கள். அமர்நாத் என்ற ஒருவர் அப்போது கடலில் இருந்தார்.

தோல்விக்கு நடுவில் ஒரு மங்கல நிகழ்ச்சியும் நடந்தது. மகாராஜ்குமாருக்கு சர் பட்டம்! கிரிக்கெட்டுக்காக இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். கொடுத்தவர் ராஜா எட்டாம் எட்வர்ட். பாருங்கள் விதியை, அதே வருஷம் டிசம்பரில் அந்த ராஜாவே காதலுக்காக சிம்மாசனத்தை விட்டு இறங்கிவிட்டார். ஒரு சாம்ராஜ்யத்தையே ஒருவர் ராஜினாமா செய்கிற வருஷத்தில், ஒரு டாஸ் போடுகிற வேலையை விட நம்மவருக்கு மனசு வரவில்லை.

மான்செஸ்டர் டெஸ்ட் இன்னும் பிரமாதம். ஜூலை 27 ஒரே நாளில் இரண்டு அணிகளும் சேர்ந்து 588 ரன் அடித்தன. டெஸ்ட் வரலாற்றில் ஒரு நாளில் இவ்வளவு ரன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டி20 பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், நம்பமாட்டார்கள். அதில் 190 ரன் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக்கும் விக்கெட் விழாமல் எடுத்தது. மறுநாள் 203இல்தான் ஜோடி பிரிந்தது. முஷ்டாக் 112. அந்நிய மண்ணில் ஒரு இந்தியர் அடித்த முதல் டெஸ்ட் சதம். மெர்ச்சன்ட் 114. டெஸ்ட் டிரா.

இந்தப் பொற்கணத்துக்கு முன்னால் கேப்டன் என்ன செய்தார்? முஷ்டாக்கைத் தனியே கூப்பிட்டார் என்கிறது கதை. மெர்ச்சன்ட் மீது அவருக்கு ஏக எரிச்சல், ஆள் நாயுடு கோஷ்டி என்று. எப்படியாவது அவனை ரன் அவுட் பண்ணிவிடு, உனக்கு ஒரு தங்க வாட்ச் என்றாராம். பார்த்தீர்களா, பெட்டி திறந்துவிட்டது. ஆட இறங்கிப் போகிற வழியிலேயே முஷ்டாக் இதை மெர்ச்சன்ட்டிடம் சொல்லிவிட, இருவரும் சிரித்துக்கொண்டே போய் 203 ரன் சேர்த்தார்கள். கேப்டனின் திட்டத்தால் இந்திய அணிக்குள் ஏற்பட்ட ஒரே ஒற்றுமை இதுதான்.

டிரஸ்ஸிங் ரூமில் இரண்டு கட்சி. விஸ்ஸி கட்சி, நாயுடு கட்சி. இன்றைக்கென்றால் இரண்டு வாட்ஸ்அப் குரூப். ஓவல் டெஸ்டுக்கு பாகா ஜிலானி என்பவருக்குத் திடீரென்று இடம் கிடைத்தது. தகுதி என்ன? காலைச் சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் நாயுடுவை அவமானப்படுத்தினார் என்பதுதான் அவருடைய தகுதி என்று சொல்லிச் சொல்லி அது இந்திய கிரிக்கெட்டின் நிரந்தரக் கதையாகிவிட்டது. ஜிலானிக்கு அதற்கு முன்னும் பின்னும் டெஸ்ட் இல்லை. டோஸ்ட்டுக்கும் டெஸ்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த சீசனில் இந்தியப் பந்துவீச்சுக்கு ஒரு நிரந்தர நினைவுச்சின்னமும் கிடைத்தது. ஜூலை 3ஆம் தேதி லார்ட்ஸில் எம்.சி.சி.க்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த நம் டெஸ்ட் வீரர் ஜஹாங்கீர் கான் பந்து போட்டார். குறுக்கே பறந்த ஒரு சிட்டுக்குருவி மேல் பட்டு, குருவி சிவலோகம் போய்ச் சேர்ந்தது. இங்கிலீஷ்காரர்கள் அதைப் பாடம் பண்ணி, பந்தோடு சேர்த்து லார்ட்ஸ் மியூசியத்தில் வைத்துவிட்டார்கள். அந்தத் தொடரின் மூன்று டெஸ்டிலும் ஜஹாங்கீர் கானுக்கு ஒரு விக்கெட்டும் விழவில்லை. லார்ட்ஸில் அந்தக் கோடை அவர் வீழ்த்தியதற்கு அத்தாட்சியோடு நிற்பது அந்தக் குருவி ஒன்றுதான்.

இவ்வளவு களேபரத்திலும் சென்னைக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோட்டா ராமசாமி. சென்னை கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 1936இல் வயது 40. நம்மில் பலர் சர்க்கரைக்கு டெஸ்ட் எடுக்கிற வயதில் அவர் முதல் டெஸ்ட் ஆடினார். மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, பிறகு அவுட் ஆகாமல் 41. சராசரி 56.66! டெண்டுல்கருக்கே 53.78தான். இரண்டு டெஸ்டோடு அவரை நிறுத்திவிட்டார்கள். டெண்டுல்கர் 200 ஆடினார், அதுதான் சராசரி இறங்கிவிட்டது.

இன்னொருவர் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்துக்காரர். இவர் கதையைக் கேட்டால் விஸ்ஸியையே மன்னித்துவிடலாம் போலத் தோன்றும், அவ்வளவு பெரிய விளையாட்டை இவர் மேல் விதி ஆடியது. திருவல்லிக்கேணிப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த பையனை சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் கண்டுபிடித்து பர்மா ஷெல்லில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். வேகப்பந்து. 1934 நவம்பர் 4, சேப்பாக்கத்தில் ரஞ்சி டிராஃபியின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். அந்தப் போட்டியின் சரித்திரத்தில் முதல் பந்தைப் போட்டது கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் அன்றைக்கே முடிந்துபோனது. மிச்ச நாட்களுக்கும் டிக்கெட் வாங்கியவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

கோபாலன் கிரிக்கெட் மட்டும் ஆடவில்லை. ஹாக்கியிலும் இந்தியா. 1935இல் தியான் சந்தோடு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றிவிட்டு வந்தவர். 1936 பிறந்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்ஸ், தியான் சந்த் கேப்டன். இன்னொரு பக்கம் இங்கிலாந்து, விஸ்ஸி கேப்டன். இரண்டுக்கும் ஒரே கோடை. ஏதாவது ஒரு கப்பலில்தான் ஏற முடியும். கோபாலன் நன்றாக யோசித்து, ஹாக்கித் தேர்வுக்குப் போகாமல், 36 பெட்டி ஏறிய கப்பல் பக்கம் வந்துவிட்டார்.

மூன்று டெஸ்டிலும் அவரைச் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 15 வந்தது. அப்போது அது சாதாரண சனிக்கிழமை. லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் ஆரம்பம். அதே நாள் பெர்லினில் ஹாக்கி ஃபைனல். முந்தின நாள் நடந்திருக்க வேண்டியது, மழை வந்து இந்தத் தேதிக்குத் தள்ளிவிட்டது, கோபாலனுக்கு வலி சரியாக ஒரே நாளில் விழட்டும் என்று. பெர்லினில் தியான் சந்த் கோஷ்டி ஜெர்மனியை 8-1 என்று உரித்தது. தொடர் முழுக்க 38 கோல் போட்டு ஒரே ஒரு கோல் வாங்கியிருந்தார்கள். தங்கம். ஓவலில் வாலி ஹாமண்ட் பேட்டைத் தூக்கினார், கீழே வைக்கும்போது 217. ஆட்டம் 9 விக்கெட்டில் தோல்வி. 40 வயது நாயுடு உடம்பில் அடி வாங்கிக்கொண்டு எடுத்த 81தான் ஆறுதல்.

தங்க வாட்ச் வாரி இறைத்த கேப்டனோடு ஊர் சுற்றியும், தங்க மெடலைக் கோட்டைவிட்டவர் கோபாலன். அதற்காக அவரை யாரும் மறந்துவிடவில்லை. 1950களில் சென்னைக்கும் இலங்கைக்கும் வருஷா வருஷம் ஆடிய ஆட்டத்துக்கு அவர் பேர்தான், கோபாலன் டிராஃபி. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நாளில், சென்னையை ஜெயித்தால் கொழும்பில் அவ்வளவு கொண்டாட்டம். 2003இல், 94 வயதில் சென்னையில் காலமானார். அவர் ஆடிய டெஸ்ட் மொத்தம் ஒன்று. எடுத்த விக்கெட் ஒன்று. அதுவும் விஸ்ஸிக்கு முன்னால், 1934 ஜனவரியில் கல்கத்தாவில்.

விஸ்ஸியின் டெஸ்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். 3 டெஸ்ட், 6 இன்னிங்ஸ், மொத்தம் 33 ரன், சராசரி 8.25. பெட்டிகளை விட மூன்று குறைவு. ஊர் திரும்பியதும் பெரிய ரகளை. பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி சர் ஜான் போமாண்ட் தலைமையில் விசாரணைக் கமிட்டி. நாட்டில் கொலைக் கேஸெல்லாம் தேங்கிக் கிடக்க, தலைமை நீதிபதி உட்கார்ந்து, பேட்டிங் வரிசையை யார் மாற்றினார்கள் என்று விசாரித்திருக்கிறார். 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. அமர்நாத் பக்கம் நியாயம் சொல்லியது. கேப்டனுக்கு ஃபீல்டிங் நிறுத்தவும் தெரியவில்லை, பௌலரை மாற்றவும் தெரியவில்லை, ஒரு ஒழுங்கான பேட்டிங் வரிசையும் வைத்துக்கொள்ளவில்லை என்றது. சுருக்கமாக, டாஸ் போடத் தெரிந்திருந்தது.

இத்தோடு மனுஷன் காசிக்குப் போய் ராமா கிருஷ்ணா என்று இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? நாடு சுதந்திரம் அடைந்தது, ஜமீன் போயிற்று, விஸ்ஸி மட்டும் போகவில்லை. 1954 முதல் சில வருஷம் இந்திய கிரிக்கெட் போர்டுக்கே தலைவர். 1958இல் பத்மபூஷண். விசாகப்பட்டினத்திலிருந்து பார்லிமெண்டுக்கும் போனார். வெள்ளைக்காரர் ஆட்சியில் சர், காங்கிரஸ் ஆட்சியில் பத்மபூஷண். ஃபீல்டிங் நிறுத்தத் தெரியாது என்று எந்த நீதிபதி சொன்னது? தான் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இதில் ஒரு நியாயமும் உண்டு, சொல்லிவிட வேண்டும். அவர் போர்டில் இருந்தபோது அமர்நாத்தோடு பகை தீர்ந்து சமாதானமாகிவிட்டார் என்கிறார்கள். கிரிக்கெட்டுக்காகப் பணத்தைக் கொட்டியவர்தான், அதிலிருந்து சம்பாதித்தவர் இல்லை. இன்றைக்கு போர்டில் உட்காருவதற்கு நடக்கிற அடிதடியைப் பார்த்தால், கைக்காசைச் செலவழித்து அவமானப்பட்ட அந்த ஆள் மேல் ஒரு பாசமே வருகிறது.

ரேடியோ கமென்ட்ரிக்கும் வந்தார். பந்தைப் பற்றிக் கொஞ்சம், தன்னைப் பற்றி நிறைய. முன்னூறுக்கு மேல் புலி சுட்டவர் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. ஒரு விருந்தில் வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர் ரோஹன் கன்ஹாயிடம் தன் புலி வேட்டைப் பெருமையை அளந்துகொண்டிருந்தாராம். அப்படியா, நீங்கள் காட்டில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்துவிட்டு கமென்ட்ரி கொடுத்திருப்பீர்கள், புலி அலுத்துப்போய்ச் செத்திருக்கும் என்றுதானே நினைத்தேன் என்றாராம் கன்ஹாய்.

1965 டிசம்பரில் காசியில் விஸ்ஸி கண்ணை மூடினார். அவர் பேரில் ஒரு கோப்பை வைத்தார்கள். எதற்கு என்று ஊகியுங்கள். பல்கலைக்கழக மாணவர்கள் மண்டல வாரியாக மோதும் கிரிக்கெட்டுக்கு! சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவன் நன்றாக ஆடித் தென்மண்டல அணிக்குத் தேர்வானால், அவன் போய் ஆடுவது விஸ்ஸி டிராஃபியில். அங்கே அவனுக்கு ஒரு ஃபுல் டாஸ் கிடைத்தால், அது பௌலருக்குக் கை வழுக்கியதுதான்.